காலுறை பற்றிக் கேட்காமல் விட்ட நாள்

சலவைக் கடையில் வேலை பார்க்கும் உங்கள் நான்கு பேருக்கும் முன்னால் நின்று நாலு வார்த்தை பேசச் சொன்னார் முதலாளி. நின்று பேசினால் எனக்குக் கால் வலிக்கும். உட்கார்ந்து பேசினால் உங்களுக்குத் தூக்கம் வரும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பாலிஷ் டின்கள் அடுக்கியிருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கிறேன் என்றார். ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள், கையில் கொடுங்கள் என்றேன். கையில் கொடுத்திருக்கிறார் என்று நம்புகிறேன்.

ராசா ஊரில் இருக்கும் நம் கடைக்குச் சலவைத் துணிகளோடு, ஷூ என்று நீங்கள் சொல்லும் தோல் சப்பாத்துகளும் வரும். இத்தனை காலமும் அவை வேனில் ஏறி, கோலா பிலா பக்கத்து எஸ்டேட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, வேலை முடிந்ததும் அதே வேனில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. எஸ்டேட்டில் என் பெயர் பாலிஷ் அக்கா. அடையாளக் கார்டில் வேறு பெயர் இருக்கிறது, கேட்பாரில்லை. இப்போது வலது கட்டைவிரல் மூட்டு தேய்ந்துவிட்டது. இனிமேல் துணியை விரலில் சுற்றித் தேய்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே சப்பாத்துகள் இனி உங்கள் பாடு.

எப்படித் தேய்ப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்கள் போனிலேயே இருக்கிறது. வெள்ளைக்காரர் ஒருவர் மிகவும் பொறுமையாகச் செய்து காட்டுகிறார், நானும் பார்த்தேன். நன்றாகத்தான் செய்கிறார். ஆனால் அவருடைய ஊர் குளிர். சப்பாத்தை ஒரு வாரம் மறந்தால் பூசணம் பூக்காது. வீட்டுக்குள் சப்பாத்தோடு நடக்கிறார், சோபாவில் சப்பாத்தோடு உட்காருகிறார். அவருடைய மாமியார் அதில் தேங்காய் எண்ணெய் தடவ மாட்டார். அவருக்குத் தெரியாததை மட்டும் நான் சொல்கிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வரவில்லை. லுக்குட் பக்கத்தில் ஓர் எஸ்டேட் பங்களாவில் வீட்டு வேலைக்குப் போனேன். மானேஜரிடம் ஆறு ஜோடி தோல் சப்பாத்து இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை என்று மூன்றாம் நாள்தான் சொன்னார்கள். ஒரு மழைநாளில் சேறும் சகதியுமாக வந்த சப்பாத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, சீக்கிரம் காயட்டும் என்று குளிர்பெட்டிக்குப் பின்னால் சூடு வரும் இடத்தில் செருகி வைத்தேன். மறுநாள் எடுத்தபோது அது கருவாடு போல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

மானேஜர் வருவதற்குள் அதை லுக்குட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே கடை நடைபாதையில் உட்கார்ந்து சப்பாத்து தைக்கும் சீனர் ஒருவர் இருந்தார். ஏறக்குறைய என் வயதுதான். சப்பாத்தைக் கையில் வாங்காமலே மலாயில் மூன்று கேள்வி கேட்டார். யாருடையது? எப்படிப் போடுவார்? எங்கே கழற்றுவார்? நான் ஒன்றுக்கும் பதில் சொல்லாமல், "இது பிழைக்குமா பிழைக்காதா, அதைச் சொல்லுங்க" என்றேன். அவர் தலையைக் கூடத் தூக்காமல் "தான்யா டூலு" என்றார். முதலில் கேள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு பல வருடம் அவரிடம் போயிருக்கிறேன். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அவர் எனக்கு எதுவும் கற்றுக்கொடுத்ததில்லை. பெயரைக்கூட நான் கேட்கவில்லை, கேள் கேள் என்று சொன்ன மனிதரிடம்.

மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் மதிப்பதில்லை. எங்கே கழற்றுவார் என்பதில் என்ன இருக்கிறது என்று நானும் நினைத்தேன். யோசித்துப் பாருங்கள், நம் ஊரில் ஒரு மனிதர் காலையிலிருந்து எத்தனை தடவை சப்பாத்தைக் கழற்றுகிறார். வீட்டு வாசலில், கோயில் வாசலில், மலாய்க்காரர் தொழும் சூராவ் வாசலில், சொந்தக்காரர் வீட்டு வாசலில். அவர் உள்ளே உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது சப்பாத்து வெளியே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதன் உள்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். வெள்ளைக்காரருக்குச் சப்பாத்தின் முகம் மூக்கில் இருக்கிறது. நமக்கு உள்ளே இருக்கிறது.

இதை நானாகக் கண்டுபிடித்தேன். அதனால் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்கு வருகிறேன்.

அதற்கு முன் எண்ணெய் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். லுக்குட் எஸ்டேட்டை வீடமைப்புக்கு விற்றார்கள். பங்களாவையும் இடித்தார்கள். என் கணவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த கோலா பிலா பக்கத்து எஸ்டேட்டுக்கு வந்தோம். ஊரார் சப்பாத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அவர் பின்பக்கம் ஒரு ஜிங்க் கூரை போட்டுக் கொடுத்தார். மூன்று வருடம் கழித்து ஃபேன் மாட்டிக் கொடுத்தார். என் தொழிலுக்கு அவர் கொடுத்த மரியாதை அந்த ஃபேன்.

ஒரு நாள் ஆபீஸில் வேலை செய்யும் ஒருவர் கறுப்புச் சப்பாத்தைத் தானே எடுத்துவந்தார். பளபளப்பு போய், பிசுபிசுவென்று இருந்தது. "என்ன போட்டீங்க?" என்றேன். "ஒண்ணுமே போடலக்கா" என்றார். அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சப்பாத்துக்குள்ளிருந்து எறும்பு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் ஒன்றுமே போடவில்லை என்றார்.

டாக்டரிடமும் நம்மிடமும் ஜனங்கள் ஒரே மாதிரிதான் பொய் சொல்வார்கள். என்ன போட்டீர்கள் என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போல் இருக்கிறது. அன்றைக்கு அதைப் புரிந்துகொண்டு, "உங்க வீட்டுல சமையலுக்கு என்ன எண்ணெய் வாங்குறீங்க லா?" என்று சும்மா கேட்டேன். "தேங்கா எண்ணெய்தாங்க்கா. மாமியார் அதைத்தான் எல்லாத்துக்கும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "நல்லதுக்குத்தாங்க்கா செஞ்சாங்க" என்றார். மாமியாரைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று எறும்பை மறைத்த மனிதர் அவர். அன்று முதல் நான் யார் செய்தார்கள் என்று யாரையும் கேட்டதில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் எங்கள் லயத்து வரிசையில் மூன்றாவது வீட்டுப் பெண் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சிரம்பானில் வங்கி வேலை, நல்ல பிள்ளை. மாப்பிள்ளை முகுந்தன் ராசாவைச் சேர்ந்தவர், என்ஜினியர், யாழ்ப்பாணத் தமிழர். அவர்கள் குடும்பத்தில் பாட்டனார் காலத்திலிருந்தே எஸ்டேட் ஆபீஸில் பேர் பதியும் பெரிய கிராணிகள். எங்கள் பக்கம் பாட்டனார் காலத்திலிருந்தே அந்தக் கிராணிகளிடம் பேர் கொடுத்து ரப்பர் பால் வெட்டப் போனவர்கள். பிள்ளைகள் இரண்டும் ஒரே பஸ்ஸில் போய் வந்ததில் பழகிவிட்டார்கள்.

முகுந்தனின் அம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எல்லாரும் டீச்சர் என்றுதான் சொல்வோம். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று டீச்சர் ஒரு நாளும் சொன்னதில்லை. "பாப்பம்" என்று இரண்டு வருடம் சொன்னார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு கவிதா ஒரு பையோடு என் பின்கட்டுக்கு வந்தாள். உள்ளே லேஸ் இல்லாத மெரூன் நிறச் சப்பாத்து.

"அவரோடதுக்கா. வெளிநாட்டுல படிக்கும்போது வாங்கினதாம். கல்யாணத்துக்கு இதைத்தான் போடணுமாம்."

"நல்ல சாமான். கெடுத்து வெச்சிருக்காரு" என்றேன்.

"நீங்க செஞ்சா சரியாயிடும்க்கா. அவங்க வீட்டுல யாரும் செய்யச் சொல்லல. நானேதான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்." சப்பாத்தை ஸ்டூல் மேல் எடுத்து வைத்தாள். "அத்தை என்னை ஒரு குறை சொல்ல எடம் இருக்கக் கூடாதுக்கா. நான் கேக்குறது அவ்ளோதான்."

சின்னக் குழந்தையிலிருந்து பார்த்த பிள்ளை. எனக்கு மனசு கேட்கவில்லை. டீச்சரால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குறை கண்டுபிடிக்க முடியாதபடி செய்து தருகிறேன் என்று சொன்னேன். மூன்று கேள்வியில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. யாருடையது என்று தெரியும். எஸ்டேட் கோயில் மண்டபத்தில் தாலி கட்டும்போது வேட்டி, சிரம்பான் விருந்தில் கோட். சப்பாத்து கோட்டுக்குத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். முப்பது வருடத்துக்குக் கிட்ட இந்த வேலை செய்தவளுக்குக் கேட்கத் தேவையில்லை என்று ஓர் எண்ணம்.

நான்கு நாள் வேறு வேலை தொடவில்லை. வெளிப்பக்கம் பழைய மெழுகை எடுத்து, சாயம் ஏற்றி, மேலே மெழுகு போட்டு மூடினேன். முகம் பார்க்கலாம். பிறகு உள்ளே பார்த்தேன். உள்தோல் குதிகால் பக்கம் வெளுத்து அழுக்காக இருந்தது. டீச்சர் வீட்டு வாசலில் இது வாயைத் திறந்துகொண்டு நிற்கும், டீச்சர் குனிந்து பார்ப்பார் என்று தோன்றியது. உள்ளேயும் சாயம் ஏற்றினேன். உள்ளே மெழுகு போட்டு மூட முடியாது, கால் வழுக்கும். அதனால் காயவைத்து அப்படியே விட்டேன். காலுறை போடும் காலுக்கு அது ஒன்றும் செய்யாது.

கவிதா வந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

அவர்கள் முறைப்படி, மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும் பெண்ணின் தம்பி அவர் காலைக் கழுவி உள்ளே அழைத்துப்போக வேண்டும். மாப்பிள்ளை பதிலுக்கு அவனுக்கு மோதிரம் போடுவார். கவிதாவின் தம்பி சரவணன் எங்கள் எஸ்டேட்டிலேயே மண்டோர். செம்பனைக் குலை வெட்டும் முப்பது பேரை மேய்க்கிறவன். அவனிடம் இதைச் சொன்னபோது, "ஏன், அவருக்குக் கை இல்லியா லா?" என்றான். அப்பா இல்லாத வீடு, அவன்தான் ஆண்பிள்ளை. கவிதா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். பிறகு சரி என்றான். சரி என்று சொன்ன முகம் சரியாக இல்லை.

கல்யாண நாள் நல்ல வெயில். மாப்பிள்ளை வீட்டார் சீக்கிரமே வந்துவிட்டார்கள். நல்ல நேரம் பிறக்காமல் இறங்கக் கூடாது என்று டீச்சர் மாப்பிள்ளையைக் காருக்குள்ளேயே உட்கார வைத்தார். முக்கால் மணி நேரம். பிறகு கார் கதவு திறந்தது. பட்டு வேட்டி, தலைப்பாகை, காலில் என் சப்பாத்து. மாப்பிள்ளை சிலிப்பரோடு இறங்கினால் நன்றாக இருக்காது என்று டீச்சர் சொன்னாராம், இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் முதலில் பார்த்தது சப்பாத்தின் பளபளப்பை. இரண்டாவது பார்த்தது வேட்டிக்கும் சப்பாத்துக்கும் நடுவில் இருந்த வெறும் காலை.

நான் பெண் வீட்டுக் கூட்டத்தில் பூத்தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஓடிப்போய்த் தடுக்க இருபது அடி. இருபது அடியில் நாதஸ்வரம், வீடியோக்காரர், நாற்பது சொந்தக்காரர்.

முகுந்தன் சப்பாத்தைக் கழற்றினார். அது ஓரமாக வாயைத் திறந்துகொண்டு நின்றது. அந்த நேரத்திலும் எனக்கு முதலில் தோன்றியது, உள்பக்கம் நன்றாக வந்திருக்கிறது என்பதுதான். பிறகு அவர் பாதத்தைப் பார்த்தேன். கணுக்காலுக்குக் கீழே முழுக்கச் சிவப்பு. வேட்டிக்கரை மறைத்ததில் வேறு யாரும் கவனிக்கவில்லை. சரவணன் குனிந்த தலையோடு, காலைப் பார்க்காமலே, தாம்பாளத்தில் அதை வைத்துச் செம்பைச் சாய்த்தான்.

தண்ணீர் சிவந்தது. மிகவும் நல்ல சாயம் அது, கொஞ்சமே போதும். தாம்பாளம் முழுக்கப் பரவியது. வீடியோக்காரர் நன்றாகக் கிட்டே போய் எடுத்தார்.

"ரத்தம்" என்றார் மாப்பிள்ளை பக்கத்தில் ஓர் அம்மா. சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் நாதஸ்வரம் நின்றுவிட்டது.

சரவணன் நிமிர்ந்தான். "மாமா, கால்ல அடியா?"

"இல்லையே" என்றார் முகுந்தன். தன் காலை வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் முன்னால் வந்தார். "நிப்பாட்டுங்கோ" என்றார். கவிதாவின் அம்மாவைப் பார்த்து, "இதென்ன தண்ணி? என்னத்தைக் கலந்து வைச்சிருக்கிறியள்?"

"மஞ்சத்தூள் கொஞ்சம்தாங்க. பன்னீர். வேற ஒண்ணும் இல்லீங்க."

அப்போது எங்கள் பக்கத்து ஆள் ஒருவர், உதவி செய்வதாக நினைத்து, "செம்புல சுண்ணாம்பு ஒட்டியிருந்திருக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்கத்தானே செய்யும்" என்றார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். ஆரத்தி கரைத்துப் பழகிய ஜனங்கள், உடனே புரிந்துவிட்டது. நானும் புரிந்துகொண்டேன். நான் வாயைத் திறக்கத் தேவையில்லை. சப்பாத்தை யாரும் பார்க்கவில்லை. இன்னும் ஒரு நிமிடம் சும்மா நின்றால் போதும், என் தப்பு செம்புக்குள் போய்விடும்.

கவிதாவின் அம்மா செம்பைப் பார்த்தார். காலையில் அதை அவர் புளி போட்டு மூன்று தரம் தேய்த்ததை நான் பார்த்தேன். என் வீட்டுக் குழாயடியில்தான் தேய்த்தார். "இருக்கும்ங்க" என்றார். "நான்தான் சரியா கழுவலியோ என்னவோ."

"ஒரு செம்பு ஒழுங்காக் கழுவத் தெரியாத வீடோ" என்றார் டீச்சர். மெதுவாகத்தான் சொன்னார். இரண்டு வருடம் பாப்பம் பாப்பம் என்று எதற்குக் காத்திருந்தாரோ அது கிடைத்துவிட்டது.

சரவணன் செம்பைக் கீழே வைத்தான். எழுந்து நின்றான். "எங்கம்மாவ பேச வேணாம்" என்றான். இன்னும் ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருப்பான். பின்னால் மண்டபக் கதவருகே கவிதா மாலையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். வேலையில் தப்பு நடக்கும், உங்களுக்கும் நடக்கும். நடந்த தப்பு சும்மா ஓரமாக நிற்காது. எந்தத் தலை ஏற்கனவே குனிந்திருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். நான் பெரிய யோக்கியம் ஒன்றும் இல்லை. சும்மா இருந்துவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது, ஒரு மூச்சு விடும் நேரம். அந்த அம்மா நான்தான் சரியாகக் கழுவவில்லையோ என்று சொன்ன பிறகு முடியவில்லை.

பூத்தட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனேன்.

"டீச்சர், செம்புல ஒண்ணும் இல்ல. அது என் சாயம்."

"நீங்கள் ஆர்?"

"பாலிஷ் அக்கா" என்றேன். வாயில் அதுதான் வந்தது. நாற்பது பேர் என்னைப் பார்த்தார்கள். "மாப்பிள்ளை சப்பாத்துக்குச் சாயம் போட்டது நான்தான். உள்ளயும் போட்டுட்டேன். வேர்வையில எறங்கிடுச்சு."

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் இஞ்சதானே இருக்கிறியள், இவையளின்ர அயல்?"

"ஆமாங்க. மூணு வீடு தள்ளி."

"அப்ப இவையளுக்காகச் சொல்லுறியள்."

நம் வேலையில் வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. நான் குனிந்து கையைத் தாம்பாளத்துத் தண்ணீரில் நனைத்தேன். மாப்பிள்ளை சப்பாத்தை எடுத்தேன். அவர்கள் பக்கத்தில் யாரோ "அதைத் தொடாதேங்கோ" என்றார்கள். கையை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே விட்டு நன்றாகத் தேய்த்து வெளியே எடுத்து டீச்சர் முகத்துக்கு நேரே நீட்டினேன். உள்ளங்கை, விரல் இடுக்கு, நகம் எல்லாம் மெரூன்.

டீச்சர் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பரீட்சைத் தாளைப் பார்ப்பது போல. பிறகு மாப்பிள்ளையின் காலைப் பார்த்தார். இரண்டும் ஒரே நிறம்.

"காலுறை போடுவாரோ எண்டு கேக்கேல்லையோ?"

"கேக்கல டீச்சர்."

"எத்தினை வருசமா இந்த வேலை?"

"முப்பது வருஷத்துக்குக் கிட்ட."

"அப்ப கேட்டிருக்க வேணும்."

"கேட்டிருக்கணும். யார் போடுறாங்க, எப்படிப் போடுறாங்க, எங்க கழட்டுறாங்க, மூணும் கேட்டிருக்கணும். ஒண்ணும் கேக்கல."

அதற்குப் பிறகு டீச்சர் என்னைத் திட்டினார். நல்ல தமிழில், ஒரு வார்த்தை திரும்ப வராமல் திட்டினார். கவனம் இல்லை என்றார், பொறுப்பு இல்லை என்றார், ஒரு வேலையை எடுத்தால் அதன் கடைசி வரைக்கும் யோசிக்க வேண்டும் என்றார். எல்லாமே சரி. நான் ஆமாம் டீச்சர், ஆமாம் டீச்சர் என்று கையை நீட்டியபடியே நின்றேன். அவமானமாகத்தான் இருந்தது. என் கணவர் கூட்டத்தில் இருந்தார், வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். டீச்சர் அத்தனையும் என்னைப் பார்த்தே சொன்னார். செம்பை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் ஐயர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, முகூர்த்தம் போயிண்டிருக்கு. தண்ணி தெளியணும்னு சாஸ்திரம் ஒண்ணும் இல்ல" என்றார்.

யாரும் அசையவில்லை. சரவணன்தான் முதலில் அசைந்தான். வேட்டியை மடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தான்.

"காலக் காட்டுங்க மாமா."

"போகாது போல இருக்கு. விடும்" என்றார் முகுந்தன்.

"போவாட்டிப் போவட்டும். முறைன்னா முறை."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன், ஆள் மாற்றி ஆள் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, இரண்டு கையாலும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். மூன்றாவது செம்புக்குத் தண்ணீர் கொஞ்சம் தெளிந்தது. கால் தெளியவில்லை. முகுந்தன் மோதிரம் போட்டபோது சரவணனின் விரலும் சிவந்திருந்தது. அப்போது எடுத்த படத்தில் மாப்பிள்ளை கால், மைத்துனன் கை, ஓரத்தில் யாருடையது என்று தெரியாத ஒரு சிவப்புக் கை மூன்றும் இருக்கின்றன. ஓரத்துக் கை என்னுடையது.

சாப்பாட்டுக்கு நான் நிற்கவில்லை. கவிதா அன்று முழுவதும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை, டீச்சர் திட்டியது அல்ல. ஒரே ஒரு விஷயம் கேட்டாள், அதை நான் நாற்பது பேருக்கு முன்னால் கெடுத்தேன். மாப்பிள்ளை வீட்டார் ராசாக்காரர்கள் என்பதால், வீட்டுக்கு வந்து முதலாளிக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். வேறு யாராவது சொல்லுமுன் நாம் சொல்லிவிட வேண்டும், இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "கை எப்படிக்கா இருக்கு?" என்றார். செவப்பா இருக்கு என்றேன். மூன்று நாள் இருந்தது. சோறு பிசையும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். ராசாவிலிருந்து வந்துகொண்டிருந்த சப்பாத்துகளில் இரண்டு வீட்டுச் சப்பாத்து அதற்குப் பிறகு வரவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கவிதா அம்மா வீட்டுக்கு வந்தவள், என் பின்கட்டுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. கையில் வேலை இருந்தால் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம்.

"கோவமா?" என்றேன்.

"இருந்துச்சுக்கா. ரெண்டு வாரம்."

"அப்புறம்?"

"வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை இந்தக் கதையத்தான் சொல்றாங்க. பாலிஷ் அக்கா எண்டு ஒரு ஆள், காலுறை போடுவியோ எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்ல. அப்படியே ஆரம்பிப்பாங்க." கவிதா டீச்சரைப் போலவே சொல்லிக் காட்டினாள், ஆனால் சிரிக்கவில்லை. "போன வாரம் நான் கொழம்புல உப்புப் போட மறந்துட்டேன். பரிமாறின பிறகுதான் ஞாபகம் வந்துச்சு. அத்தை ஒரு வாய் சாப்பிட்டுட்டு என்னைப் பாத்தாங்க. 'மறதி எல்லாருக்கும் வரும் பிள்ளை. முப்பது வருசம் வேலை செஞ்ச பொம்பிளையே கேக்க மறந்தவ' அப்படின்னுட்டு உப்பை எடுத்துப் போட்டுக்கிட்டாங்க."

நான் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

"என்னை இன்னும் ஒரு குறைகூடச் சொல்லலக்கா" என்றாள். "எல்லாத்தையும் உங்க மேலயே சொல்லிட்டாங்க."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அழுதேன் என்று கவிதா சொல்கிறாள். சாயத்து நெடி கண்ணில் பட்டிருக்கும்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நம் கடைக்கு ஒரு கறுப்புச் சப்பாத்து வரும். பெண்கள் போடுவது, குதிகால் தாழ்ந்தது, நல்ல தோல். உள்ளே ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். யாருடையது, எப்படிப் போடப்படும், எங்கே கழற்றப்படும் என்று மூன்று வரி. நாலாவது வரியில் போன தடவை நான் விட்ட குறை. அந்தக் காகிதங்களை எல்லாம் நான் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன்.

இந்த மாதமும் வரும். இனித் தேய்க்கிறவர்கள் கடையிலேயே இருப்பதால், டீச்சரே தன் சப்பாத்தை ராசா கடைக்கு நேரில் கொண்டுவரக்கூடும். உங்களில் யார் கவுண்டரில் நின்றாலும் சரி, நீங்கள் வாயைத் திறப்பதற்குள் என்னைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். காலுறை, தாம்பாளம், முப்பது வருடம், எல்லாம் வரும். இந்த மூட்டுவலி கூட என் கவனக்குறைவால் வந்தது என்று சொன்னாலும் சொல்வார். குறுக்கே பேசாதீர்கள். அக்கா நல்லவங்க, அக்காவுக்கு இப்படித் தெரியும் அப்படித் தெரியும் என்று எனக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். ஆமாம் டீச்சர் என்று சொல்லுங்கள். கதை முழுவதையும் கேளுங்கள். முடிந்தால் நடுவில் ஒரு கேள்வி கேளுங்கள், இன்னும் கொஞ்ச நேரம் ஓடும். குறையெல்லாம் என் மேலேயே தீரட்டும்.

கவிதாவுக்கு இப்போது இரண்டாவது குழந்தை வயிற்றில் இருக்கிறது. மாமியாரோடுதான் இருக்கிறாள்.